எம்.எஸ்சி. கணிதம்: பாடத்திட்டம் கேட்பதும் வினாத்தாள் கேட்பதும்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவியின் கையில் இருக்கும் பாடப் புத்தகங்கள் உலகத் தரமானவை. ரியல் அனாலிசிஸுக்கு வால்டர் ரூடின், அல்ஜீப்ராவுக்கு ஹெர்ஸ்டைன், டோபாலஜிக்கு மன்க்ரஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸுக்கு ஆல்ஃபோர்ஸ், ஃபங்ஷனல் அனாலிசிஸுக்கு சிம்மன்ஸ். ரூடினும் ஆல்ஃபோர்ஸும் 1953இல் வந்தவை. சிம்மன்ஸ் 1963, ஹெர்ஸ்டைன் 1964, மன்க்ரஸ் 1975. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல தலைமுறைக் கணித மாணவர்கள் இவற்றைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். திருநெல்வேலியிலும் சேலத்திலும் திருவாரூரிலும் இதே புத்தகங்கள்தான், பெரும்பாலும் ஜெராக்ஸ் பிரதிகளாக, மாணவர்களின் பைகளில் இருக்கின்றன.

இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். முதல் வகுப்பில் தேறி வெளியே வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு உட்காரும்போது, தாங்கள் ஏற்கெனவே தேறிய அதே பாடங்களிலிருந்து வரும் கேள்விகளைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுகிறார்கள். பாடம் மாறவில்லை, புத்தகமும் மாறவில்லை. பிறகு ஏன் இந்தத் திகைப்பு? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை பாடத்திட்டத்தில் இல்லை. மாணவர்களின் அறிவிலும் இல்லை. பருவத் தேர்வின் வினாத்தாளில் இருக்கிறது. எம்.எஸ்சி. என்பது பெரும்பாலும் பாடங்களாலும் தேர்வுகளாலும் ஆன பட்டம். அதனால் வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதுவே அந்தப் பட்டமாகிவிடுகிறது.

வினாத்தாளின் அமைப்பைப் பார்ப்போம். நம் பல்கலைக்கழகங்களில் பரவலாக இருக்கும் முறை இது: ஒரு தாளுக்கு 100 மதிப்பெண், அதில் 25 அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. அந்த 75இல் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, ‘அல்லது’ போட்ட ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பத்து மதிப்பெண் கேள்விகள் ஐந்தில் ஏதேனும் மூன்று. இரண்டு மதிப்பெண்ணுக்கு வரையறை எழுதினால் போதும். ஐந்துக்கும் பத்துக்கும் தேற்றத்தைக் கூறி நிரூபிக்க வேண்டும். பத்து மதிப்பெண் பகுதியில் அலகுக்கு ஒரு கேள்வி வருவதால் இரண்டு அலகுகளை அந்த அளவில் விட்டுவிட்டும் முழு மதிப்பெண் வாங்கலாம். ஐந்தாறு ஆண்டு வினாத்தாள்களை அடுக்கிப் பார்த்தால் எந்தத் தேற்றம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘இம்பார்ட்டன்ட்’ பட்டியல் ஒன்று வகுப்பில் சுற்றுக்கு வரும். தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் நிரூபணங்கள் வரிவரியாக உருப்போடப்படும்.

இந்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். மூன்று பக்க நிரூபணத்தை ஒரு குறியீடும் பிசகாமல் நினைவில் வைத்து எழுதுவது கடும் உழைப்பு. அந்த உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறதே என்பதுதான் என் வருத்தம்.

ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ரூடினின் நான்காம் அத்தியாயத்தில் 4.19ஆம் தேற்றம்: காம்பாக்ட் கணத்தின் மீது தொடர்ச்சியாக உள்ள சார்பு, சீரான தொடர்ச்சியும் உடையது. பத்து மதிப்பெண் பகுதிக்கு மிகவும் பழகிய தேற்றம். தொடர்ச்சி என்றால் என்ன? ஒரு புள்ளியைச் சிறிதளவு நகர்த்தினால் சார்பின் மதிப்பும் சிறிதளவே நகரும். மதிப்பு இவ்வளவுக்கு மேல் நகரக் கூடாது என்று ஓர் எப்சிலானை யாராவது கொடுத்தால், புள்ளியை எவ்வளவு வரை நகர்த்தலாம் என்பதற்கு ஒரு டெல்டாவை நாம் சொல்லிவிட முடியும். அந்த டெல்டா இடத்துக்கு இடம் மாறலாம். எல்லா இடத்துக்கும் ஒரே டெல்டா போதும் என்றால் அதுவே சீரான தொடர்ச்சி.

நிரூபணம் இப்படிப் போகும்: ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அதற்குரிய டெல்டாவில் பாதியை ஆரமாகக் கொண்டு ஒரு சிறு அண்மையகம் எடுத்துக்கொள், அவை எல்லாம் சேர்ந்து கணத்தை மூடுகின்றன, கணம் காம்பாக்ட் என்பதால் அவற்றில் முடிவுறு எண்ணிக்கையிலானவையே போதும், அவற்றின் ஆரங்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள், அதுவே எல்லோருக்கும் பொதுவான டெல்டா. மாணவர் இதை அப்படியே எழுதுகிறார். பத்துக்குப் பத்து.

அதே மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி: முடிவுறு எண்ணிக்கை என்பது எந்த வரியில் பயன்படுகிறது? பலரால் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. ‘மிகச் சிறியதை எடுத்துக்கொள்’ என்ற வரியில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஐந்து நேர் எண்களில் மிகச் சிறியது நேர் எண்ணாகவே இருக்கும். முடிவின்றிப் போகும் நேர் எண்களுக்கு அந்த உறுதி இல்லை. 1, ½, ⅓, ¼ என்று இறங்கிக்கொண்டே போனால் கீழ்வரம்பு சுழியாகிவிடும், டெல்டா கையைவிட்டுப் போய்விடும். காம்பாக்ட் என்ற நிபந்தனை அந்த விபத்தைத் தடுக்கத்தான் வந்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி: வர்க்கச் சார்பு மெய்யெண் கோடு முழுவதிலும் சீரான தொடர்ச்சி உடையதா? இதற்குத் தேற்றம் எதுவும் வேண்டாம். 100ஐயும் 100.01ஐயும் எடுங்கள். இடைவெளி 0.01. வர்க்கங்கள் 10000, 10002.0001, இடைவெளி இரண்டுக்கு மேல். 1000, 1000.001 என்று எடுத்தால் எண்களின் இடைவெளி இன்னும் பத்து மடங்கு குறைகிறது; வர்க்கங்களின் இடைவெளி அப்போதும் இரண்டுக்கு மேல்தான். எவ்வளவு சிறிய டெல்டாவைக் கொண்டுவந்தாலும் போதுமான தூரம் தள்ளிப் போய் அதைத் தோற்கடித்துவிடலாம். ஆகவே இல்லை.

அப்படியானால் வர்க்கமூலச் சார்பு? சுழிக்கு அருகே அதன் வரைபடம் செங்குத்தாக எழுகிறது. வகைக்கெழு எல்லையின்றிப் பெருகுகிறது. ‘வகைக்கெழு கட்டுக்குள் இல்லை, எனவே சீரான தொடர்ச்சி இல்லை’ என்று பாதி வகுப்பு சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. இரண்டு எண்களின் வர்க்கமூலங்களுக்கு இடையிலான தூரம், அந்த எண்களின் தூரத்துக்குரிய வர்க்கமூலத்தை ஒருபோதும் தாண்டாது. 0, 0.0001 என்ற மிக மோசமான இடத்தில்கூட மூலங்களின் இடைவெளி 0.01தான். ஆகவே எப்சிலானின் வர்க்கமே டெல்டா. எல்லா இடத்துக்கும் அது ஒன்றே போதும். சார்பு சீரான தொடர்ச்சி உடையது. வகைக்கெழு கட்டுக்குள் இருப்பது போதுமான நிபந்தனைதான், தேவையான நிபந்தனை அல்ல என்பதை இந்த ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இதைத் தானாகக் கண்டுபிடித்த மாணவி அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதை மறக்க மாட்டாள். உருப்போட்ட நிரூபணமோ பருவ விடுமுறைக்குள் மறந்துவிடும்.

இப்போது நெட் தேர்வின் வினாத்தாளுக்கு வருவோம். கணித அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பொதுத் திறனுக்கான ‘ஏ’ பகுதியில் 30, ‘பி’ பகுதியில் 75, ‘சி’ பகுதியில் 95. இந்தச் ‘சி’ பகுதியில் 60 கேள்விகளில் 20க்கு விடையளிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண். தரப்படும் விடைகளில் ஒன்றோ பலவோ சரியாக இருக்கலாம். சரியானவை அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண். ஒன்று விட்டாலும், தவறான ஒன்றைச் சேர்த்தாலும் சுழியம். வர்க்கம், வர்க்கமூலம், சைன், வர்க்கத்தின் சைன் என்று நான்கு சார்புகளைக் கொடுத்து எவை சீரான தொடர்ச்சி உடையவை என்று கேட்டால் என்ன ஆகும்? வர்க்கமூலமும் சைனும் மட்டும் என்பது விடை. தேற்றத்தை உருப்போட்டவருக்கு இந்தக் கேள்வியில் பிடிமானமே கிடைக்காது. மேலே பார்த்த இரண்டு கணக்குகளைத் தானே போட்டவருக்கு இரண்டு நிமிடம். இந்தத் தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது வாழ்க்கையையே மாற்றும் தொகை. அதற்கான வாசலில்தான் இவர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

வினாத்தாள் ஏன் இப்படி ஆனது? ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. காரணம் அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தொடங்கப்பட்டபோது மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. இந்தப் பிரிவினை இன்றும் நம் இணைப்புக் கல்லூரிகளின் அடித்தளம். பாடம் நடத்துகிறவர் ஒருவர். வினாத்தாள் எடுக்கிறவர் எங்கோ வேறொரு ஊரில். திருத்துகிறவர் மூன்றாம் ஒருவர். ஒரு கணக்கு ஒரு கல்லூரி வகுப்பில் போடப்பட்டிருக்கும், இன்னொன்றில் போடப்பட்டிருக்காது. எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் புத்தகத்தின் இன்ன அத்தியாயம், இன்ன பிரிவு என்று வரையறுத்து அதற்குள்ளிருந்தே கேட்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு புதுக் கணக்கு வந்துவிட்டால் ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று புகார் எழும். திருத்தும் முகாமில் ஒரு நாளைக்கு இத்தனை விடைத்தாள் என்று கணக்கு இருக்கும்போது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போட்ட விடையை நிதானமாகப் படிக்க யாருக்கு நேரம்? புத்தக நிரூபணம் என்றால் வரிக்கு வரி ஒப்பிட்டுவிடலாம். நியாயம் வேண்டும் என்ற நல்ல நோக்கமே உருப்போடும் பழக்கத்தைப் பெற்றெடுத்துவிட்டது.

இது நமக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. கேம்பிரிட்ஜின் கணித டிரைபாஸ் தேர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைவிட மோசமாக இருந்தது. தேறியவர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசைக்காக மாணவர்கள் தனிப் பயிற்சியாளர்களிடம் போனார்கள்; எட்வர்ட் ரௌத் என்ற பயிற்சியாளர் ஒருவரே முதலிடக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை உருவாக்கினார். 1898இல் நான்காம் இடம் பெற்ற ஜி. எச். ஹார்டி அந்தத் தேர்வை வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். வரிசைப்படுத்தும் முறை 1909ஓடு ஒழிந்தது. ஹார்டிக்கு அதுவும் போதவில்லை. 1926இல் கணிதச் சங்கத்தின் தலைமையுரையில், இந்தத் தேர்வுக்குச் சீர்திருத்தம் வேண்டாம், இதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்றே வாதிட்டார். அந்த ஹார்டியிடம் படித்துத் திரும்பியவர்தான் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்த ராவ். டி. விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, எஸ். மீனாட்சிசுந்தரம் என்று ஒரு தலைமுறையே அவரால் உருவானது.

நாம் சீனிவாச இராமானுஜனைச் சொல்லியே பழகிவிட்டோம். எம்.எஸ்சி. படிக்கும் சாதாரண மாணவருக்கு அவர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. அவர் எந்தப் பாடத்திட்டத்துக்கும் அடங்காதவர். நமக்கு உதவக்கூடிய வரலாறு வேறொன்று. அதன் நாயகர் பிரெஞ்சு நாட்டு யேசு சபைப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன்.

1897இல் பிறந்த ரசீன், பாரிஸில் எலீ கார்தானின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியாவுக்கு வந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் தொடங்கி 1939இல் சென்னை லயோலா கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ்தான் கணிதத்தில் இன்றைய முதுகலைப் படிப்பின் இடத்தில் இருந்தது. அதன் பாடத்திட்டம் பழைய ஆங்கிலேய மரபில் வந்தது, தேர்வும் அப்படியே. ரசீனுக்குத் தேர்வை மாற்றும் அதிகாரம் இல்லை. அவர் செய்தது இவ்வளவுதான்: பாரிஸில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசினார், அந்தப் புத்தகங்களைப் படிக்கச் சொன்னார், திறமை உள்ளவர்களை ஆராய்ச்சிக்குப் போகச் சொன்னார். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அரசுப் பணித் தேர்வுதான் என்று வீடும் ஊரும் நினைத்த காலம் அது.

விளைவு என்ன? காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மன் இருவரும் லயோலாவில் ரசீனிடம் படித்தார்கள். 1953இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சில ஆண்டுகள் பின்னால் அதே வகுப்பறையிலிருந்து சி. பி. இராமானுஜம் போனார். அவருக்காக ரசீன் எழுதிய பரிந்துரைக் கடிதம் கவனிக்கத்தக்கது. சுயமாகச் சிந்திக்கும் மனம் இருக்கிறது, அறியும் ஆவல் இருக்கிறது, வாய்ப்புக் கொடுத்தால் நல்ல ஆராய்ச்சியாளராக வருவார் என்பதே அதன் சாரம்.

டாடா நிறுவனத்தில் கே. சந்திரசேகரன் உருவாக்கிய பயிற்சி முறைதான் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமான செய்தி. உலகின் பெரிய கணிதர்களை அழைத்து வந்து சில வாரங்கள் தொடர் சொற்பொழிவு நடத்தச் சொல்வார்கள். அந்தச் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து நூலாக எழுதும் பொறுப்பு இளம் மாணவர்களுடையது. கரும்பலகையில் ‘இது தெளிவு’ என்று அறிஞர் கடந்துபோன இடத்தில், எழுதுகிற மாணவர் நின்றாக வேண்டும். ஏன் தெளிவு, எந்த நிபந்தனையால், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தாக வேண்டும். ரஷ்யக் கணிதர் ஷஃபாரெவிச் 1960களில் நடத்திய சொற்பொழிவுகளுக்குக் குறிப்பெழுதியவர் சி. பி. இராமானுஜம். அவர் பிழைகளைத் திருத்தியதோடு நிற்காமல் நிரூபணங்களை நிறைவு செய்து தந்தார் என்று ஷஃபாரெவிச்சே ஒப்புக்கொண்டார். டேவிட் மம்ஃபோர்டின் ‘அபீலியன் வெரைட்டீஸ்’ நூலுக்கும் குறிப்பெழுதியவர் அவர்தான். படித்த நிரூபணத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடமுறை எனக்குத் தெரியாது. அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். தாளும் பேனாவும், கேள்வி கேட்கும் ஒரு மூத்தவரும் போதும்.

இன்று பாடங்களால் ஆன முதுகலைப் பட்டத்தைச் செம்மையாக நடத்தும் இடங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் மாணவர் தானே போட்டுப் பார்க்கும் இந்த அம்சம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் ‘பார்ட் த்ரீ’ ஒரே கல்வியாண்டில் முடியும் படிப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்குத்தாள்கள் தருவார்கள். மாணவர்கள் போட்டுக் கொண்டுவந்து சிறு வகுப்பில் விவாதிப்பார்கள். ஒரு முழுத் தேர்வுக்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதித் தரவும் வழி உண்டு. சேஷாத்ரி 1989இல் சென்னையில் தொடங்கி, இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் கணக்குகளைப் போட்டுத் தருவது படிப்பின் முதுகெலும்பு. எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சியில் ஆசிரியர் நிரூபணத்தைச் சொல்வதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு, உதாரணம் கேட்டு, அது பொய்த்துப்போகும் இடத்தைக் கேட்டு, மாணவர்களிடமிருந்தே வரவழைக்கிறார்கள். நான்கு வார முகாம் ஒன்றால் படிக்கும் முறையே மாறிப்போனதாகச் சொல்லும் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர்.

இவையெல்லாம் பொறுக்கி எடுத்த மாணவர்களுக்கு, நம் மாணவர்களுக்கு ஒத்துவராது என்பார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. மேலே போட்ட வர்க்கக் கணக்குக்கு என்ன தனி மேதைமை வேண்டும்? 100.01ஐப் பெருக்கத் தெரிந்தால் போதும். உண்மையில் இல்லாதது பழக்கம். ரூடினின் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் 30 பயிற்சிக் கணக்குகள் இருக்கின்றன. நம் பாடத்திட்டத்தில் அந்த அத்தியாயத்தின் பிரிவுகள் இருக்கின்றன, கணக்குகள் இல்லை. பல வகுப்புகளில் அந்தப் பக்கங்களை யாரும் திறப்பதே இல்லை. ஹெர்ஸ்டைன் தன் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார்: கணக்கின் பயன் விடையில் இல்லை, அதோடு மல்லுக்கட்டும்போது மனத்தில் தோன்றும் யோசனைகளில் இருக்கிறது என்று. அவர் நூலிலிருந்து கணக்குகளை நீக்கிவிட்டுத் தேற்றங்களை மட்டும் படிப்பது பாதி நூலைப் படிப்பதுகூட அல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு. எம்.எஸ்சி. முடிக்கிறவர்களில் ஆராய்ச்சிக்குப் போகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் பி.எட். சேர்ந்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வெழுதி, முதுகலை ஆசிரியராக மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள். பல கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணித வகுப்பில் பெண்களே அதிகம்; வேலை, திருமணம், வெளியூர் என்று அவர்களுக்கு நெருக்கடிகள் வேறு. அவர்களுக்கு எதற்கு இந்தப் பாடு? என் பதில்: அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். பதினோராம் வகுப்பில் எல்லை, தொடர்ச்சி, வகைக்கெழு மூன்றையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளைக்குச் சூத்திரத்தைத் திருப்பிச் சொல்லும் ஆசிரியரும், தேவைப்பட்டால் ஓர் எதிர்உதாரணத்தை அந்த நிமிடமே உருவாக்கிக் காட்டும் ஆசிரியரும் ஒன்றல்ல. அந்தப் பிள்ளைதான் ஆறேழு ஆண்டுகள் கழித்து எம்.எஸ்சி. வகுப்பில் வந்து உட்காருகிறாள். எம்.எஸ்சி.க்குப் பிறகு எம்.பில். இருந்தவரை இதைப் பழக ஓராண்டு அவகாசம் இருந்தது. ஒரு சிறு ஆய்வேட்டையாவது எழுதிப் பழகினார்கள். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்திவிட்டது. இனி எம்.எஸ்சி.யில் பழகாததைப் பழக வேறு இடம் கிடையாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் உருப்போடுவதற்கு ஒரு காரணம், ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதப் பயப்படுவது. புத்தக வாக்கியம் பாதுகாப்பானது. நிரூபணத்தின் தர்க்கத்தைத் தமிழில் பேசிப் பார்க்க விட்டால் இந்தப் பயம் பெருமளவு போய்விடும். ‘எந்தப் புள்ளியை எடுத்தாலும், எந்த எப்சிலானைக் கொடுத்தாலும், அந்தப் புள்ளிக்கென்று ஒரு டெல்டா உண்டு’. ‘எந்த எப்சிலானைக் கொடுத்தாலும், எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரு டெல்டா உண்டு.’ தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களில் பளிச்சென்று தெரிகிறது. வாயால் சொல்லத் தெரிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது வெறும் பயிற்சி.

சரி, என்ன செய்யலாம்? வினாத்தாளை மாற்றப் பாடக்குழு கூட வேண்டும், கல்விக்குழு ஒப்ப வேண்டும். செய்ய வேண்டியதுதான். 75இல் பத்து மதிப்பெண்ணுக்காவது புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கேட்கலாம். இரண்டு மதிப்பெண் பகுதியில் வரையறையைக் கேட்பதற்குப் பதிலாக உதாரணம் கேட்கலாம்: ‘மூடியதாகவும் வரம்புள்ளதாகவும் இருந்தும் காம்பாக்ட் அல்லாத கணம் ஒன்று தருக.’ முடிவற்ற கணம் ஒன்றில் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே தூரம் 1 என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. விடை இரண்டே வரி. திருத்துவதும் எளிது. இந்த விடையை எழுதத் தெரிந்தவருக்குக் காம்பாக்ட் என்றால் என்ன என்று உண்மையாகவே தெரிந்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இதைச் செய்யும் உரிமை 1978இலிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்தின் பழைய அச்சையே தொடர்வது எனக்குப் பெரும் ஏமாற்றம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் இன்றும் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது, இணைப்புக் கல்லூரியிலும்கூட. இப்போது அதில் ‘அசைன்மென்ட்’ என்ற பெயரில் புத்தகப் பக்கங்களைத் தாளில் பெயர்த்தெழுதி வாங்குகிறோம். கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் பல வகுப்புகளைச் சுமக்கும் ஆசிரியரிடம் நாற்பது தாள்களைத் திருத்தச் சொல்வது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதற்குத் திருத்தல் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மூன்று மாணவர்களைக் கரும்பலகைக்கு அழைத்து, புத்தகத்தின் அத்தியாய முடிவிலிருந்து ஆளுக்கொரு கணக்கைப் போடச் சொல்லலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கட்டும். நடுவில் தடுமாறினால் வகுப்பு கைகொடுக்கட்டும். மதிப்பெண்ணை முயற்சிக்குக் கொடுங்கள், விடைக்கு வேண்டாம். ஒரு பருவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது முறை வந்துவிடும்.

எம்.எஸ்சி. நடத்தும் ஒவ்வொரு கணித ஆசிரியரிடமும் வரும் பருவத்தில் ஒரே ஒரு தாளிலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, அதற்காக நீங்களும் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ரூடினின் இரண்டாம் அத்தியாயத்துக் கணக்குகளை இந்த வாரமே எடுத்து உட்காருங்கள். விடைப் புத்தகத்தைத் தேடாதீர்கள்.